எங்கள் காலடி நிலத்தை எங்களுக்கு விற்க ஒரு தேதி சொல்லுங்கள்: இங்கிலாந்தின் வீட்டுவசதி அமைச்சருக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். இதன் ஆங்கிலப் பிரதி தங்களுக்குத் தபாலில் வரும். தமிழிலும் எழுதுவது, இதே சிக்கலில் இருக்கும் நம்மவர் பலரும் படிக்கட்டும் என்பதற்காக.

வீடு எங்களுடையது, அது நிற்கும் நிலம் வேறொருவருடையது என்ற நீண்ட காலக் குத்தகை வீடுகளின், அதாவது லீஸ்ஹோல்ட் வீடுகளின், கதையை நான் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியதில்லை. கேட்பது ஒன்றுதான். 2024 மே மாதம் அரச ஒப்புதல் பெற்ற லீஸ்ஹோல்ட், ஃப்ரீஹோல்ட் சீர்திருத்தச் சட்டத்தில், நிலத்தின் விலையைக் கணிக்க எழுதப்பட்ட புதிய விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு ஒரு தேதி சொல்லுங்கள்.

மான்செஸ்டருக்கு வடக்கேயுள்ள எங்கள் தெருவில் சென்ற மாதம் வீட்டுக்கு வீடு ஒரு கடிதம் வந்தது. எங்கள் வீடுகள் நிற்கும் நிலம் கைமாறிவிட்டதாம். இனி நில வாடகையைப் புதிய நிறுவனத்துக்குக் கட்ட வேண்டுமாம். வங்கிக் கணக்கு இலக்கம் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. விற்கப் போகிறோம் என்று முன்னர் எவரும் சொல்லவில்லை, நீங்கள் வாங்குகிறீர்களா என்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை என்பதுதான் வேடிக்கை. அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும்பாலும் குடியிருப்பவர்களிடம் முதலில் கேட்டாக வேண்டும். தனி வீட்டுக்காரருக்கு அந்த உரிமை கிடையாது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். எங்கள் மரபுச் சட்டமான தேசவழமையில், பங்குக் காணியை வெளியாருக்கு விற்கப் புறப்படுகிறவர் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விற்றால் அவர்கள் நீதிமன்றப் படியேறலாம். 1947இல் அதற்கெனத் தனிக் கட்டளைச் சட்டமே வந்தது. அப்போது இலங்கையில் பறந்துகொண்டிருந்தது உங்கள் கொடி. அங்கே செல்லுபடியான ஒரு நாகரிகம் இங்கே ஏன் செல்லாது என்று கேட்கத் தோன்றுகிறது. இருக்கட்டும்.

பக்கத்து வீட்டு அம்மையாரைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தாதி, கணவர் இல்லை. வீட்டை விற்றுவிட்டு மகளுடைய ஊருக்குப் போய்விட நினைக்கிறார். வாங்க ஆட்கள் வந்தார்கள், விலையும் பேசி முடிந்தது. ஆனால் வாங்குபவரின் வங்கி, குத்தகைப் பத்திரத்தில் நில வாடகை பத்து ஆண்டுக்கு ஒரு முறை இரட்டிக்கும் என்ற வரியைக் கண்டதும் கடன் தர மறுத்துவிட்டது. முதலில் ஃப்ரீஹோல்டை, அதாவது நிலத்தின் முழு உரிமையை, வாங்குங்கள், பிறகு விற்கலாம் என்கிறார் முகவர். அதை வாங்க அம்மையாரிடம் பணம் இல்லை; இருப்பதெல்லாம் அந்த வீடுதான். நிலத்தை வாங்கினால்தான் வீட்டை விற்கலாம், வீட்டை விற்றால்தான் நிலத்தை வாங்கலாம். கட்டி வைத்த பெட்டிகளோடு அவர் அங்கேயே இருக்கிறார்.

அந்த நிலத்துக்குச் சொல்லப்படும் விலையும் மண்ணின் விலை அல்ல. இரட்டித்து இரட்டித்து இனி வரப்போகும் வாடகையையெல்லாம் இன்றைய பவுணாக மாற்றிக் கூட்டிய தொகை அது. கேட்டால் எவரும் ஒப்பாத ஒரு வாடகையைப் பத்திரத்தில் எழுதிவைத்து, பிறகு அதையே காரணம் காட்டி விலையை ஏற்றுகிறார்கள். அதற்கு மேல், 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பவரின் சட்டத்தரணிக்கும் மதிப்பீட்டாளருக்கும் உரிய நியாயமான செலவையும் வாங்குபவரே கொடுக்க வேண்டும். எங்களோடு பேரம் பேச எதிர்த்தரப்பு வைத்திருக்கும் ஆளுக்கு நாங்களே சம்பளம் கொடுக்கிறோம்.

இந்த விலைக்கும் செலவுக்கும் 2024 சட்டத்தில் மருந்து இருக்கிறது. விலையைக் கணிக்கும்போது நில வாடகையை வீட்டின் ஃப்ரீஹோல்ட் மதிப்பில் 0.1 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்கிறது. வரப்போகும் வாடகையை இன்றைய தொகையாக மாற்றும் கணிப்பு வீதங்களை அமைச்சரே நிர்ணயிக்கலாம் என்கிறது. எதிர்த்தரப்பின் செலவைப் பொதுவாக அவர்களே ஏற்க வேண்டும் என்கிறது. மருந்துச் சீட்டு கையில் இருக்கிறது, மருந்தகம்தான் திறக்கவில்லை. நிலத்தை வாங்கக் கேட்பவர் வீட்டை இரண்டு ஆண்டாவது வைத்திருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2025 ஜனவரியில் நீக்கினீர்கள், நன்றி. ஆனால் அந்த அம்மையார் இந்த வீட்டில் இருபது ஆண்டுகளாக வாழ்கிறார். அவரைத் தடுப்பது காலம் அல்ல, விலை.

சட்டத்தில் குறைகள் உள்ளன, திருத்த இன்னொரு சட்டம் வேண்டும் என்று 2024 நவம்பரில் சொல்லப்பட்டது. பொறுத்தோம். நில உரிமையாளர்கள் இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். பொறுத்தோம். 2025 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. இனி எதற்காகப் பொறுக்க வேண்டும் என்று தெரிந்தால், அதற்கும் பழகிக்கொள்வோம்.

ஸ்கொட்லாந்தில் மிக நீண்ட காலக் குத்தகைகளை 2015 நவம்பரில் ஒரே நாளில் முழு உரிமையாக மாற்றினார்கள். வானம் இடிந்து விழவில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் எழுந்துள்ள புதிய வீடுகளுக்கு, 2022 ஜூன் 30க்குப் பின் வந்த குத்தகைகள் என்பதால், நில வாடகையே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நியாயம், இந்தப் பக்கம் பற்றுச்சீட்டு! 1967இல் வேல்ஸ் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் குத்தகை முடிந்து வீடே பறிபோன குடும்பங்களின் குரலைக் கேட்டு, நிலத்தை வாங்கும் உரிமையைத் தந்தது தங்கள் தொழிற்கட்சியின் ஆட்சி. அந்தப் பெருமையை மேடையில் சொல்லிக்கொள்வதோடு, கொஞ்சம் வேலையும் செய்யலாம்.

கோபத்தில் சற்று நீட்டி எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டுகிறேன். தாழ்மையாகவே மறுபடியும் கேட்கிறேன். விலைக் கணிப்பு விதிகளும் செலவு பற்றிய விதிகளும் எப்போது நடைமுறைக்கு வரும்? மாதமும் ஆண்டும் சொல்லுங்கள். நிலத்தைக் கைமாற்றுமுன் தனி வீட்டுக்காரரிடமும் முதலில் கேட்க வேண்டும் என்ற ஒரு வரியை, வரப்போகும் திருத்தச் சட்டத்தில் சேர்க்க முடியுமா என்றும் பாருங்கள்.

எனக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டாம். நாடாளுமன்றத்தில் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
வடமேற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு லீஸ்ஹோல்ட் வீட்டுக்காரன்
டிசம்பர் 2025