கடை வாசல் தொட்டியும் எடைச்சீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளாஸ்டிக் பைகளைக் கடைக்காரர்களே திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் போடும் அரசுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் கோட்டை விடுகின்றன. வாசலில் தொட்டி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதில் விழுந்த பை எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்பதில்லை.

கலிஃபோர்னியாவில் 2007 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் கண்ணில் படும் இடத்தில் தொட்டி, பையிலேயே 'திருப்பிக் கொடுங்கள்' என்ற அச்சு, 3 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டிய கணக்கு எல்லாவற்றையும் பெரிய கடைகளிடம் கேட்டது. அப்படியும் பைகள் பெரிதாகத் திரும்பவில்லை. 2016இல் மெல்லிய பைக்குத் தடையை வாக்காளர்கள் ஏற்றார்கள். மறுபடி பயன்படுத்தலாம் என்று விட்டுவைத்த தடித்த பைகளுக்கும் 2024இல் தடைச்சட்டம் போட வேண்டியதாயிற்று.

திரும்பி வந்த பைகளுக்குக் கடைகள் காட்டும் எடைக் கணக்கிலேயே ஓர் ஓட்டை உண்டு. பை ஒன்று சுமார் 5 கிராம். ஒரு டன் சேர 2 லட்சம் பை வேண்டும். அதே கடையின் பின்கட்டில், பேலட்டில் (சரக்கு அடுக்கும் தட்டில்) வரும் சரக்கைச் சுற்றிய ஸ்ட்ரெச் ஃபிலிம் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை சுத்தமாக, கிலோ கணக்கில் குவிகிறது. அதுவும் பையைப் போலவே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்தான். இரண்டையும் ஒரே பேலாக (அழுத்திக் கட்டிய பொதியாக) கட்டி எடை காட்டினால், வாடிக்கையாளர் ஒரு பைகூடத் திருப்பித் தராத கடையும் சட்டத்தை மதித்த கடையாகிவிடும். எடையைக் காட்டும் படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும். கடையின் எடைச்சீட்டோடு, பைகளை உருக்கிக் குருணை (சிறு பிளாஸ்டிக் மணிகள்) போடும் ஆலையின் எடைச்சீட்டும் இணைந்திருக்க வேண்டும். நடுவில் இருக்கும் தரகரின் ரசீது போதாது.

தரமும் எடைக்குச் சமமான விஷயம். பைக்குள் மறந்துபோன பில் தாள் உருகாது, கருகும். உருக்கும் எந்திரத்தின் சல்லடையை அடைக்கும். ஈரம் 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஆவியாகிக் குமிழ் விடும். அந்தக் குருணையை உருக்கி, காற்றால் ஊதிச் செய்யும் ஃபிலிம் குமிழ் உள்ள இடத்தில் கிழியும். ஆகவே தொட்டியின் மேலேயே எழுதி வைக்கட்டும்: உதறு, பில்லை எடு, ஒட்டிய லேபிளைக் கத்தரி, காய்ந்த பையை மட்டும் போடு. எந்தப் பை சேரும் என்று சந்தேகம் வந்தால் கட்டைவிரலால் அழுத்தி இழுக்கலாம். நீண்டு கொடுத்தால் பெரும்பாலும் பாலிஎத்திலீன். சட்டென்று கிழிந்தால் வேண்டாம்.

இந்தச் சோதனைக்குச் சிக்காதது மக்கும் பை. கைக்கு அதே மாதிரிதான் இருக்கும். துண்டாக்கித் தண்ணீரில் போட்டால் பாலிஎத்திலீன் மிதக்கும், அது மூழ்கும். ஆனால் கழுவாமல் நேரே உருக்கும் ஆலையில் பிரிக்க வழியில்லை. மக்கும் பை உருகிய பாலிஎத்திலீனோடு கலக்காமல் புள்ளி புள்ளியாக நிற்கும். அதற்குத் தனி நிறம் என்று விதியில் எழுதாதவரை, ஒரே கடையில் இரண்டு வகைப் பையையும் விற்க அனுமதிப்பது சரியல்ல.

ஒரு சின்ன விஷயம், தொட்டியின் வாய். அதன் அகலத்தையும் விதியிலேயே சொல்லிவிடலாம். கசக்கிய பை நுழையும் அளவு போதும். அதற்கு மேல் அகலமாக இருந்தால் மறுநாளே காபி கோப்பை விழும்.

இப்படிக்கு,
மறுசுழற்சித் தொழிலில் உள்ள வாசகர்கள்