இடிக்கும் முன் ஒருமுறை தட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் செம்பவாங்கில் எங்கள் தெருவில் மட்டும் சென்ற ஆண்டு நான்கு வீடுகளில் கார் நிறுத்தும் முன்தரையை உடைத்தெடுத்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட் போட்டார்கள். அதில் இரண்டு, நான் சிறுமியாக ஓடி விளையாடிய தரைகள். அவற்றை உடைக்கவே தேவை இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது, வருத்தமாக இருக்கிறது. எங்கள் வீடும் ஐந்தாவதாகச் சேர்ந்திருக்கும். உடைக்காமல் பழைய தரையின் மேலேயே மெல்லிய சிமெண்ட் பூச்சுப் போட்டதால் சேராமல் போன கதையை, அடுக்குமாடி அல்லாத தரைவீடுகளில் இருக்கும் வாசகர்களுக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது பழைய வரிசை வீடு. அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் வாங்கியது. முன்தரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று, அது இறுகுவதற்குள் கேட்டுக்குப் பக்கத்து மூலையில் ஓர் ஆணியால் 'தை 1979' என்று எழுதினார். அந்த எழுத்து இன்னும் இருக்கிறது. சுற்றியிருந்த தரைதான் கெட்டுப்போனது. பாசி பிடிக்கிறது என்று மாதம் ஒருமுறை கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தை ஊற்றித் தேய்ப்போம். பளிச்சென்று ஆகிவிடும். அமிலம் பாசியோடு சிமெண்டையும் தின்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. போதாக்குறைக்குக் கூரை விளிம்பிலிருந்து ஒழுகும் மழை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊர் இது. நாற்பது வருடங்களாக ஒரே கோட்டில் சொட்டிச் சொட்டி அங்கே ஒரு சின்ன வாய்க்காலே விழுந்துவிட்டது. சிமெண்ட் கரைந்து ஜல்லி பல்லிளித்தது. குழிகளில் தண்ணீர் தேங்கும். டெங்கிக் கொசுவுக்குப் பயந்து, மழை விட்டதும் துணியும் வாளியுமாக உட்கார்ந்து ஒற்றி எடுப்பேன்.

அம்மாவுக்கு வயது 86. நான்கு கால் ஊன்றுகோல் வைத்து நடக்கிறார். தீபாவளிக்கு முந்திய நாள் மாலை வாசலில் விளக்கு வைக்கப் போனவரின் ஊன்றுகோல் கால் ஒரு குழியில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் நான் இருந்ததால் பிடித்துவிட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. மறுவாரமே ஆள் கூப்பிட ஆரம்பித்தேன்.

மூன்று குத்தகையாளர்கள் (காண்ட்ராக்டர்கள்) வந்தார்கள். மூவரும் கேட்டருகே நின்றபடியே பார்த்தார்கள், அளந்தார்கள், "ஹேக் பண்ணணும்", அதாவது உடைத்தெடுக்க வேண்டும், என்றார்கள். ஒருவர் கேட்ட தொகை 11,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இன்னொருவர், உடைக்க வேண்டாமென்றால் மேலேயே டைல்ஸ் ஒட்டித் தருகிறேன் என்றார். டைல்ஸும் அதற்கடியில் கலவையும் சேர்ந்தால் தரை ஒன்றரை அங்குலம் உயரும், கேட் எப்படித் திறக்கும் என்று கேட்டேன். கேட்டையும் மாற்றலாம் என்றார்.

நான்காவது நிறுவனம் அளவெடுக்க ஒரு தொழிலாளரை அனுப்பியது. புதுக்கோட்டைப் பக்கம். அவர் செய்த முதல் காரியம், பையிலிருந்து ஒரு சிறு சுத்தியலை எடுத்து மண்டியிட்டு உட்கார்ந்தது. பொங்கலுக்கு மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதே மாதிரி ஒரு மூலையில் தொடங்கி, ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே போனார். தரை கெட்டியாக இருக்கும் இடத்தில் 'கணீர்' என்றது. சில இடங்களில் 'பொத்'தென்று கேட்டது. அங்கே மேல்பகுதி அடித்தரையைவிட்டுப் பிரிந்திருக்கிறது என்றார். அந்த இடங்களையெல்லாம் சாக்கட்டியால் வட்டமிட்டார். கிட்டத்தட்ட 30 சதுர மீட்டர் தரையில் மொத்தம் ஐந்தே வட்டங்கள். "அக்கா, மேல்தோல்தான் போயிருக்கு. எலும்பு கெட்டியா இருக்கு. எதுக்கு உடைக்கிறீங்க?" என்றார்.

தூணிலிருந்து சாக்கடை வரை ஓடிய ஒரு நீள விரிசலுக்குத்தான் அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அதன் குறுக்கே விரலை வைத்துத் தடவி, இரண்டு பக்கமும் ஒரே மட்டமா என்று பார்த்தார். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அடிமண் இறங்குகிறது என்று அர்த்தமாம். அப்போது மேலே என்ன பூசினாலும் விரிசல் மறுபடி எட்டிப் பார்க்கும். பிறகு விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார். மூன்று வாரம் கழித்து வந்து பார்த்தார். கோட்டைத் தாண்டவில்லை. சரி, செய்யலாம் என்றார்.

இந்த வேலைக்கு இரண்டு நாள் ஆனது. அதில் முதல் நாள் முழுக்கக் கழுவுவதுதான். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டில் இரண்டு வருடங்களுக்கு முன் யாரோ வந்து அரைநாளில் ஏதோ பூசிவிட்டுப் போனார்கள். ஐந்தே மாதத்தில் அது அப்பளம் அப்பளமாக உரிந்து வந்தது. பாசி, தூசு, எண்ணெய் இவற்றின்மேல் பூசினால் பூச்சு அவற்றைத்தான் பிடித்துக்கொள்ளும், தரையைப் பிடிக்காது. எங்கள் வீட்டில் உயரழுத்த நீரைப் பாய்ச்சிக் கழுவினார்கள். கார் இன்ஜின் சொட்டிய இடத்தில் மட்டும் எண்ணெய் நீக்கியை ஊற்றி மூன்று முறை தேய்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அந்தத் தம்பி அதன்மேல் கையால் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார். சேம்பிலையில் நிற்பதுபோல் துளி உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் போகவில்லை. தரை அதை உறிஞ்ச வேண்டும். மூன்றாம் முறைதான் உறிஞ்சியது. வட்டமிட்ட ஐந்து இடங்களையும் ஓரம் நேராக வெட்டிச் செதுக்கி எடுத்து, கெட்டிக் கலவை வைத்து அடைத்தார்கள். விரிசலையும் கொஞ்சம் அகலப்படுத்தி நிரப்பினார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிட்டார்கள். வெயில் ஏறிவிட்டால் கலவை கையிலேயே இறுகிவிடும். தரையை நனைத்து, தேங்கிய நீரை மட்டும் துடைத்தெடுத்தார்கள். தரைக்குள் ஈரம் இருக்க வேண்டும், மேலே தண்ணீர் நிற்கக்கூடாது. பாலிமர் சேர்த்த சிமெண்ட் கலவை அது. வாளியில் தண்ணீருக்கு ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள், அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு விடவில்லை. இளக்கமாக இருந்தால் இழுக்கச் சுலபம், ஆனால் காய்ந்தபின் பூச்சு பலவீனமாகிவிடும். தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வான பதத்தில் ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்தார்கள். ஈரம் போவதற்குள் துடைப்பத்தால் ஒரே சீராகக் கோடு இழுத்தார்கள். அந்தச் சொரசொரப்பில்தான் அம்மாவின் ஊன்றுகோல் இப்போது வழுக்காமல் நிற்கிறது. பழைய கான்கிரீட்டில் பலகைக்குப் பலகை விட்டிருந்த இடைவெளிக் கோட்டை மூடவில்லை. அதை மூடினால் வெயிலுக்கு விரியும்போது பூச்சு அங்கேதான் வெடிக்கும். வாட்டம் பழையபடியே சாக்கடைப் பக்கம் இருக்கிறது. பூச்சின் கனம் 5 மில்லிமீட்டர்தான் என்பதால் கேட்டும் தட்டவில்லை.

அப்பாவின் எழுத்தை என்ன செய்வது என்று தயங்கினேன். கேட்பதற்கு முன்பே அந்தத் தம்பி அதைச் சுற்றிச் சதுரமாக டேப் ஒட்டி விட்டுவிட்டார். அங்கே மட்டும் பழைய தரை ஒரு நூல் தாழ்வாக, அப்படியே தெரிகிறது. ஓரத்தைச் சரித்துவிட்டதால் தண்ணீரும் நிற்பதில்லை.

செலவு 2,900 வெள்ளி. மறுநாளே நடந்தோம், காரை மட்டும் ஒரு வாரம் தெருவில் நிறுத்தினோம். எங்களுக்குச் செலவான கலவை 25 கிலோ மூட்டையில் பதினொன்று. உடைத்திருந்தால் 12 சென்டிமீட்டர் கனத்துக்கு எட்டரை டன்னுக்கு மேல் இடிபாடு லாரியேறியிருக்கும், அதே அளவு புதுக் கான்கிரீட் வந்து இறங்கியிருக்கும். சிங்கப்பூரில் கட்டுமான இடிபாடு பெரும்பாலும் மறுபயனீடு செய்யப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் புதிதாகப் போடும் சிமெண்டும் மணலும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். 2007ல் இந்தோனீசியா மணல் ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே கட்டுமானத் துறை பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 விழுக்காடு சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது என்கிறார்கள்.

எல்லாத் தரைக்கும் இது பொருந்தாது. ஒரு பக்கம் இறங்கிய தரை, உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கிய தரை, தட்டினால் பாதிக்கு மேல் 'பொத்'தென்று கேட்கும் தரை, இவற்றை உடைத்துத்தான் ஆக வேண்டும். எது எந்த வகை என்பதைத் தட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். நின்றபடி பார்த்து எப்படிச் சொல்வது?

குத்தகையாளர்களிடம் நான் கேட்பது இதுதான். விலைப்பட்டியலில் உடைத்துப் போடும் செலவோடு மேல்பூச்சுச் செலவையும் ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள். முடியாதென்றால் ஏன் முடியாது என்று எழுதுங்கள். வயதான பெற்றோரை வைத்துக்கொண்டு ஓய்வூதியக் காசில் வீட்டைப் பராமரிப்பவர்கள் இந்தப் பகுதியில் நிறையப் பேர். வீட்டுக்காரர்களே, விலை சொல்ல வருபவரிடம் சுத்தியல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்களுடையதைக் கொடுங்கள். வேலையைப் பிப்ரவரியில் வைத்துக்கொண்டால் மழைத் தொல்லை குறைவு. நாங்கள் அப்போதுதான் செய்தோம். அதன்பின் ஒரு டிசம்பர் மழையும் பெய்து ஓய்ந்துவிட்டது, இதுவரை ஓரிடத்திலும் உரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பவாங்