பிக் பெண்ட் கட்டுரையில் விடுபட்ட பெயர்: ராஸ் மாக்ஸ்வெல்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் பற்றி நீங்கள் வெளியிட்டுவரும் பயணத் தொடரை விடாமல் படித்துவருகிறேன். டெக்ஸாஸில் குடியிருப்பவன் என்பதால் சென்ற இதழில் பிக் பெண்ட் வந்திருந்ததைப் பார்த்ததும் ரொம்ப மகிழ்ச்சி. படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் படித்து முடித்தபோது ஒரு குறை உறுத்தியது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பூங்கா உருவான கதையில் அதிபர் ரூஸ்வெல்ட் இருக்கிறார், நிலம் வாங்குவதற்காக முன்னின்ற பத்திரிகை அதிபர் ஏமன் கார்ட்டர் இருக்கிறார், டெக்ஸாஸ் சட்டமன்றமும் இருக்கிறது. ராஸ் மாக்ஸ்வெல் மட்டும் இல்லை. கட்டுரையாளர் ஒரு பக்கம் முழுக்க வியந்து எழுதியிருக்கிறாரே, சாண்டா எலெனா பள்ளத்தாக்குக்குப் போகும் அந்த மலைச்சாலை, அதன் பெயரே ராஸ் மாக்ஸ்வெல் சாலைதான்!

யார் இவர் என்றால், நிலவியலாளர். 1936இல் தேசியப் பூங்காத் துறையின் வேலையாக அந்தப் பாலைவனத்துக்கு வந்தவர். அவருக்கு முன்பும் நிலவியலாளர்கள் அங்கே போயிருக்கிறார்கள். ராபர்ட் ஹில் 1899இல் படகுகளில், மெக்சிகோ எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றின் பள்ளத்தாக்குகளைக் கடந்தார், யோஹான் உட்டன் 1907இல் சிசோஸ் மலைப்பகுதி பற்றி அறிக்கை எழுதினார். ஆனால் அவர்கள் பார்த்தார்கள், எழுதினார்கள், போய்விட்டார்கள். மாக்ஸ்வெல் தங்கினார், அதுதான் வித்தியாசம்.

அவர் வந்த காலத்தில் பூங்கா என்பது காகிதத்தில் மட்டுமே இருந்தது. 1935 ஜூனில் அமெரிக்கக் காங்கிரஸ் அனுமதி கொடுத்துவிட்டது, ஆனால் நிலத்தை டெக்ஸாஸ்தான் வாங்கி மத்திய அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பணம், 15 லட்சம் டாலர், 1941இல்தான் சட்டமன்றத்திலிருந்து கிடைத்தது. நடுவில் இருந்த வருடங்களில் அங்கே இருந்தவர்கள் சிவிலியன் கன்சர்வேஷன் கோர் எனும், வேலையில்லாதவர்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் வேலைக்கு வந்த இளைஞர்கள். 1934இல் வந்த முதல் முகாமில் சுமார் 200 பேர், பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியினர். கடப்பாரையும் மண்வெட்டியுமாக அவர்கள் வெட்டிய சாலையில்தான் இன்றும் நாம் சிசோஸ் மலைகளுக்கு நடுவே உள்ள பேசின் பகுதிக்குக் கார் ஓட்டிப்போகிறோம். இவர்களைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இருந்திருக்கலாம்.

அந்தச் சூழலில் மாக்ஸ்வெல் செய்த வேலை அந்த மண்ணைப் படிப்பது. எந்தப் பாறை எந்தக் காலத்தது, எது கடலடியில் படிந்தது, எது எரிமலையிலிருந்து வந்தது என்று இடம் இடமாகப் போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்வது. முகாமில் ஒரு சிறிய அருங்காட்சியகம்போல் மாதிரிகளைச் சேர்த்துவைத்திருந்தார்கள், 1941 இறுதியில் அது தீப்பிடித்து எரிந்துபோனது. கள வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும் அது எப்படிப்பட்ட இழப்பு என்று. வேறொருவராக இருந்தால் அத்தோடு வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுப் போயிருப்பார். இவர் 1936இல் தொடங்கிய வேலை, சக நிலவியலாளர்கள் மூவரோடு சேர்ந்து, வண்ண வரைபடத்தோடு முழு நூலாக டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது 1967இல். முப்பது வருடம்! பிக் பெண்டின் நிலவியலைப் பற்றி எழுத வருகிறவர்கள் இன்றைக்கும் அந்த நூலைத் தொட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

1944 ஜூன் 6ஆம் தேதி, நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய அதே நாளில், நிலப்பத்திரம் ரூஸ்வெல்ட் கைக்கு வந்தது. 12ஆம் தேதி பூங்கா முறைப்படி உருவானது. இந்த இரண்டு தேதிகளும் உங்கள் கட்டுரையில் இருக்கின்றன. அதற்குப் பிறகு யார் அங்கே போய் உட்கார்ந்து அதை நடத்தினார்கள் என்பது இல்லை. முதல் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டவர் மாக்ஸ்வெல். 1952 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். போர்க்காலம், பணம் கிடையாது, ஆட்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், ரயில் நிலையம் இருந்த மராத்தான் ஊரே 110 கிலோமீட்டருக்கு அப்பால். அதைவிடப் பெரிய பிரச்சினை ஆடுமாடு. நிலத்தை விற்ற பண்ணைக்காரர்களுக்கு 1945 தொடக்கம் வரை மேய்க்க அவகாசம் கொடுத்திருந்தார்கள். கடைசி வாய்ப்பு என்று ஆனபின் அளவுக்கு மீறி மந்தைகளை விட்டார்கள், புல்வெளிகள் மொட்டையடிக்கப்பட்டன. பூங்கா கைக்கு வந்தபோது பல இடங்களில் மண்தான் மிச்சம். பாலைவனத்தில் ஒருமுறை போன புல் லேசில் திரும்பாது, அடுத்து வந்தது 1950களின் கொடும் வறட்சி வேறு. இன்று போகிறவர்கள் பார்க்கும் பச்சை, பூங்கா என்ற வேலி போட்டு மண்ணைச் சும்மா விட்டதால் மெல்ல மெல்லத் திரும்பியது.

சரி, அந்தச் சாலைக்கு வருகிறேன், ஏனென்றால் மாக்ஸ்வெல் யார் என்பது அதில்தான் நன்றாகத் தெரிகிறது. சுமார் 48 கிலோமீட்டர். ஆற்றங்கரைக்கு நேர்வழி தேடி வரைந்த சாலை இல்லை அது. நிலவியலாளர் கண்ணுக்கு எது முக்கியமோ அது வருகிறவர் கண்ணில் பட வேண்டும் என்று யோசித்து அமைத்த தடம். முதலில் எரிமலைப் பாறைகள். நிலத்தின் வெடிப்புகளுக்குள் ஏறி உறைந்த எரிமலைக் குழம்பு, சுற்றியிருந்த மண் கரைந்துபோனபின் கோட்டை மதில்போல் நீள நீளமாக நிற்கிறது. சோட்டோல் விஸ்டா மேட்டில் ஏறினால் தென்மேற்கே சாண்டா எலெனாவின் பிளவு தூரத்தில் தெரியும், அதாவது நீங்கள் எங்கே போய்ச் சேரப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுகிறார். அப்புறம் மியூல் இயர்ஸ் எனும் இரட்டைச் சிகரம், அப்புறம் எரிமலைச் சாம்பல் இறுகி வெளுத்துக் கிடக்கும் டஃப் கேன்யன், சாம்பலும் குழம்பும் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் செர்ரோ காஸ்டெல்லன். கடைசியில் ஆறு. அங்கே 450 மீட்டர் உயரத்துக்குச் சுண்ணாம்புப் பாறைச் சுவர், பத்துக் கோடி வருடங்களுக்கு முன்பு கடலடியில் படிந்தது. வழிநெடுகப் பார்த்த எரிமலைப் பாறைகளெல்லாம் இதைவிட மிகவும் இளையவை, சில கோடி வருடம்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்தச் சுவர் ஏன் அங்கே திடீரென்று முடிகிறது என்பது. நிலவியல் படித்த நண்பர் ஒருவர் அங்கே நிறுத்திவைத்து விளக்கினார். சுவரின் அடிவாரத்தில் ஓடுவது தரைப்பாறை உடைந்து நகர்ந்த ஒரு பெரும் நிலப்பிளவு, டெர்லிங்குவா பிளவு. ஒரு பக்கம் உயர்ந்து நிற்க, மறுபக்கம் பல நூறு மீட்டர் இறங்கிவிட்டது. நாம் நிற்கும் தரைக்குக் கீழே, ஆழத்தில், அதே சுண்ணாம்புப் பாறை கிடக்கிறது. ஆறு அந்த உயர்ந்த பாறையை அறுத்துக்கொண்டு வெளியே வருகிறது. இது புரிந்தபின் அந்த இடத்தைப் பார்ப்பதே வேறு மாதிரி இருக்கிறது. கட்டுரையாளர் 'இயற்கையின் விந்தை' என்று எழுதி நிறுத்திக்கொண்டார். விந்தைதான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்த விந்தைக்குக் காரணம் உண்டு, அதைச் சொல்லித்தர ஒரு மனிதர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1968இல் அவர் பொதுமக்களுக்காக ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். நிலவியலாளர் எழுதியதாயிற்றே, பாறைதான் இருக்கும் என்று நினைப்போம். அங்கே குடியிருந்த மக்களும் அதில் இருக்கிறார்கள், யார் எங்கே வீடு கட்டினார்கள், யார் எதைப் பயிரிட்டார்கள் என்பதெல்லாம். பூங்கா வந்ததால் இடம் பெயர்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பூங்காவின் முதல் கண்காணிப்பாளரே அவர்கள் கதையைப் பதிவு செய்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மறப்பது அங்கே இருந்த மனிதர்களைத்தான்.

அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தார்கள். 1971இல் டக்ளஸ் லாசன் என்ற மாணவர் இதே பூங்காவில் பிரம்மாண்டமான பறக்கும் ஊர்வன ஒன்றின் இறக்கை எலும்பைக் கண்டெடுத்தார். கெட்சால்கோட்லஸ், இறக்கை விரித்தால் சுமார் 10 மீட்டர். மெக்சிகோவையும் சேர்த்து இரு நாட்டுப் பூங்காவாக்க வேண்டும் என்று ரூஸ்வெல்ட் 1944இலேயே எழுதியது மட்டும் இன்னும் நடக்கவில்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ 1994இல் தனியாகப் பாதுகாப்புப் பகுதிகளை அறிவித்தது.

தொடரில் இன்னும் பல பூங்காக்கள் வரவிருப்பதாகப் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்ட தலைவர்களோடு, அங்கேயே இருந்து வேலை செய்தவர்களையும் தேடி எழுதும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பிக் பெண்ட் போகத் திட்டமிடும் வாசகர்களுக்கு ஒரு யோசனை: கோடையில் வேண்டாம், நவம்பருக்குப் பிறகு போங்கள். சாலையின் கடைசிவரை ஒரே மூச்சில் ஓட்டிவிடாமல் வழியில் உள்ள நிறுத்தங்களில் இறங்கி அங்கிருக்கும் பலகைகளைப் படியுங்கள், டஃப் கேன்யனில் கட்டாயம் கீழே இறங்கி நடங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், ஹூஸ்டன்