வண்டி விற்பனைக்கு இல்லை

கோவை,
ஞாயிறு இரவு

மாப்ளே,

நாலு மாதமாய் ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இப்போது என் தாடி நரையை எண்ணிக்கொண்டிருக்கிறார். முதலில் ஒரு வேலை: என் மண்தடப் பந்தய பைக் கேஎக்ஸ் 250-க்கு நீ பிடித்துக்கொடுத்த திருப்பூர்க்காரரிடம், வண்டி விற்பனைக்கு இல்லை என்று பக்குவமாய்ச் சொல்லிவிடு.

கோபப்படாதே. நேரமில்லாமல் விற்கிறேன் என்று உன்னிடம் சொன்னது பொய். வளைவைப் பார்த்தாலே பயம் வந்துவிட்டது. உள்ளே திருப்பினால் முன்சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் வெளியே வெளியே போகும். இரண்டு முறை விழுந்தேன். வயது நாற்பத்திரண்டு, மகள் ப்ளஸ் டூ. தைரியம் போய்விட்டது, அவ்வளவுதான் என்று நானே முடிவு கட்டினேன். அதை யாரிடம் சொல்ல? டயரை மாற்றினேன். ஒரு மெக்கானிக் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிரித்து ஆயில் மாற்றிக் காசு வாங்கிக்கொண்டார். பின்பக்கத்தை யாரும் சீண்டவில்லை.

சீண்டியவர் நம்ம பஞ்சர் அண்ணன். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின் ஆக்சிலிலிருந்து மட்கார்டில் வைத்த புள்ளி வரை டேப் பிடித்தார்: 610 மில்லி. ஹெல்மெட், பூட்ஸோடு என்னை உட்காரவைத்து மறுபடி பிடித்தார்: 482. 128 மில்லி அமுங்குகிறது. 105-தான் இருக்கணும் என்றார். பின்னால் அவ்வளவு உட்கார்ந்தால் முன்னால் ஃபோர்க் சாய்ந்துவிடும், முன்சக்கரத்தில் பாரமே நிற்காது. அப்புறம் எங்கே திரும்ப?

சுத்தியும் பஞ்ச் உளியும் வைத்து, பின் ஷாக்கின் ஸ்பிரிங் மேலிருக்கும் வளையத்தை ஐந்து சுற்று இறுக்கினார். 105 வந்தது. நான் சந்தோஷமாய் இறங்க, வெறும் வண்டியை அளந்துவிட்டுச் சிரித்தார். 18. குறைவாக அமுங்கினால் ஸ்பிரிங் கடினம் என்றுதானே அர்த்தம் என்றேன். "தலைகீழ்டா!" ஆளில்லாமல் 30, 35 அமுங்க வேண்டும். 18 என்றால், மெலிந்த ஸ்பிரிங்கை நெரித்து உன்னைச் சுமக்க வைத்திருக்கிறோம். அது எழுபது கிலோ ஆளுக்கான ஸ்பிரிங். எனக்கு 91. வீட்டுக்காரி இரண்டு வருடமாய்ச் சொல்வதை டேப் ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டது.

கனமான ஸ்பிரிங் வர மூன்று வாரம். விலையைக் கேட்காதே. மாட்டினால் ஆளோடு 104, ஆளில்லாமல் 34. புது ஸ்பிரிங் வேகமாய் எழும் என்று அதை மெதுவாக்க, ஷாக்குக்கு அடியிலுள்ள, அமுங்கியது எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரிபவுண்டு ஸ்க்ரூவை இரண்டு க்ளிக் உள்ளே திருகினேன். அதிகப்பிரசங்கித்தனம்! வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்துப் பிடித்துக் குழியான இடத்தில், ஒரு குழியிலிருந்து பின்பக்கம் எழுவதற்குள் அடுத்த குழி வந்துவிடுகிறது. மூன்றாவது குழியில் பலகைமேல் உட்கார்ந்த மாதிரி இடுப்பில் அறைந்தது. ஒரு க்ளிக் வெளியே எடுத்தேன்.

இன்று சாயங்காலம் அந்தக் கிணற்றோர இடது வளைவு. உனக்குத் தோள் இறங்கிய அதே இடம். காலை நீட்டி, டேங்க் மேல் ஏறி உட்கார்ந்து திருப்பினேன். முன்சக்கரம் போட்ட தடத்திலேயே போனது மாப்ளே! பதினோரு முறை அதே வளைவு. பஞ்சர் அண்ணன் டீ ஆறுகிறது என்று கத்திய பிறகுதான் நிறுத்தினேன்.

உன் வண்டியையும் அளந்து அனுப்பு. எடையை மட்டும் கல்யாணத்தப்போ இருந்ததை எழுதாதே.

உன்,
91 கிலோ