கொழுந்துப் படம் ஸ்டோர் வாசலில் தொடங்குவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் பெற்ற தேயிலை ஸ்டோர்களின், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளின், சுவரில் பாய்ச்சற் கோட்டுப்படம் ஒன்று தொங்கும். கொழுந்து வரவு, வாட்டல், உருட்டல், நொதித்தல், உலர்த்தல், சலித்துத் தரம் பிரித்தல் என்று பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி. பார்க்க அழகுதான். ஆனால் கொழுந்து கெடுவதும் நிறை குறைவதும் அந்த முதல் பெட்டிக்கு முன்னாலேயே முடிந்துவிடுகின்றன.

படம் கூடையிலிருந்து தொடங்க வேண்டும். காலை நிறுவைக்கு வரும் ஒரு சாக்கில் சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டு, பென்சிலும் கடிகாரமுமாக ஒருவர் அதன் பின்னாலேயே வாட்டும் தொட்டி வரை போகட்டும். செய்கைக்குச் செவ்வகம், முடிவெடுக்கும் இடத்துக்குச் சாய்சதுரம்: சாதாரண தரப் பிள்ளைகளுக்கே தெரிந்த குறிகள். பாடத்தில் அவ்வளவாக வராத ஒன்று காத்திருப்பு. அதற்கும் ஒரு குறி போட்டு, பக்கத்தில் நிமிடத்தை எழுத வேண்டும். நிறுக்க இரண்டு நிமிடம், லொறிக்காக ரோட்டோரத்தில் இரண்டு மணித்தியாலம் என்று எழுதிப் பார்க்கும்போதுதான் உறைக்கும். பறித்த பிறகும் கொழுந்து மூச்சு விடும். அமுக்கிக் கட்டிய சாக்குக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. கையை நடுவில் விட்டுப் பார்த்தாலே தெரியும். சிவந்துபோன கொழுந்தை எந்த வாட்டலும் மீட்காது.

அடுத்தது, கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவம். 'கொழுந்து ஈரமா?' என்ற சாய்சதுரத்திலிருந்து இரண்டு அம்புகள் வெவ்வேறு பக்கம் போக வேண்டும். வெயில் நாளிலும் தண்ணீருக்கென்று கிலோ கழிக்கும் இடத்தில், நடப்பதை உள்ளபடி வரைந்தால் 'ஆம்', 'இல்லை' இரண்டும் 'கழி' என்ற ஒரே பெட்டியில் போய் விழும். பிறகு அது என்ன கேள்வி? நிறுவைக்கு 1 கிலோ கழித்தால், மூன்று நிறுவைக்குப் பறித்தவரின் கணக்கில் 3 கிலோ கொழுந்து குறையும். சுமார் 4.5 கிலோ கொழுந்துக்கு 1 கிலோ தேயிலை என்ற கணக்கில், அரைக் கிலோவுக்கு மேல் தேயிலை.

திருத்துவது கடினமல்ல. வெறும் சாக்கை அதே தராசில், மழை நாளென்றால் நனைந்தபடியே, நிறுத்துக் கழிக்கலாம். 1 கிலோ கொழுந்தைத் துணியில் ஒற்றியெடுத்து மறுபடி நிறுத்தால் தண்ணீர் எத்தனை கிராம் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அந்த அளவே 'ஆம்' அம்பின் பெட்டிக்குள் எழுதப்படட்டும்.

உணவில் ஆபத்து வரக்கூடிய இடங்களைக் கண்டறிந்து கட்டுப்படுத்தும் ஹசப் (HACCP) முறையின் 12 படிகளில் 4ஆவது, இந்தப் படத்தை வரைவது. 5ஆவது, வேலை நடக்கும் இடத்துக்கே போய் அதைச் சரிபார்ப்பது. பல இடங்களில் 4ஆம் படி ஒபிஸ் மேசையிலும் 5ஆம் படி ஒரு கையெழுத்திலும் முடிந்துவிடுகின்றன. கணக்கப்பிள்ளை, லொறிச் சாரதி, கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர் என நாலு பேரும் நிற்க, மடுவத்திலேயே சரிபார்க்க வேண்டும். மழை நாளில் ஒரு தடவை, வெயில் நாளில் ஒரு தடவை.

இப்படிக்கு,
தேயிலைத் தரக் கண்காணிப்பில் உள்ள இருவர்,
ஹட்டன்.