லீக் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: தனி ப்ளேயர் மேல பந்தயம் வேண்டாம்

அமெரிக்காவோட என்பிஏ (கூடைப்பந்து), எம்எல்பி (பேஸ்பால்), என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால்) லீக் கமிஷனர்களுக்கும் டீம் ஓனர்களுக்கும் வணக்கம்.

2018 மே மாசம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிரான 1992 தடைச் சட்டம் செல்லாதுன்னு சொன்னுச்சே, அந்த கேஸ்ல பந்தயத்த அனுமதிக்கப் பாத்த நியூஜெர்சி மாநிலத்துக்கு எதிரா கோர்ட்டுக்குப் போனதே நீங்கதான். சூதாட்டம் உள்ள வந்தா ஆட்டத்து மேல ஜனங்களுக்கு இருக்க நம்பிக்கை போயிடும்னு வாதாடினீங்க. இன்னைக்கு அதே பெட்டிங் கம்பெனிகள் உங்க பார்ட்னர், மேட்ச் போட்டா ஸ்கோருக்குப் பக்கத்துலயே பந்தய ரேட்டு ஓடுது, பாக்குற பசங்களுக்கு ஆட்டம் வேற பந்தயம் வேறன்னே தெரியல.

மொத்தமா தடை பண்ணுங்கன்னு நான் கேக்கல. தடை இருந்தப்பவும் திருட்டுத்தனமா நடந்துட்டுதான் இருந்துச்சு, சட்டப்படி நடக்கும்போது சந்தேகமான பந்தயமாவது கண்ணுல படுது, அத ஒத்துக்கறேன். நான் பயப்படுறது ப்ராப் பெட்டுக்கு. அதாவது யார் ஜெயிப்பாங்கன்னு இல்லாம இந்த ஒருத்தர் எத்தன பாயின்ட் எடுப்பார், பேஸ்பால்ல அடுத்த பந்து ஸ்ட்ரைக்கா (பேட்ஸ்மேனுக்கு எதிரா கணக்காகுற பந்து) இல்லையான்னு கட்டுற பந்தயம்.

ஒரு மேட்ச்சையே விக்கணும்னா பல பேர் கூட்டு சேரணும், 1919 வேர்ல்ட் சீரிஸ் (பேஸ்பால் இறுதித் தொடர்) விவகாரத்துல ஒரே டீம்ல எட்டு பேர ஆயுசுக்கும் தடை பண்ணாங்க. ப்ராப் பெட்டுக்கு ஒரு ஆள் போதும், அவர் டீம் தோக்கக்கூட வேண்டாம். என்பிஏ ப்ளேயர் ஜான்டே போர்ட்டர் விஷயத்த நெனச்சுப் பாருங்க. 2024 மார்ச்ல டொரான்டோ ராப்டர்ஸ்க்கு ஆடும்போது உடம்பு சரியில்லைன்னு சில நிமிஷத்துலயே வெளிய வந்துட்டார், அவர் கம்மியாதான் எடுப்பார்னு ஒருத்தர் 80,000 டாலர் கட்டியிருந்தார், ஜெயிச்சா 11 லட்சம் டாலர். பந்தய கம்பெனிக்கு சந்தேகம் வந்து நிறுத்தினதால மாட்டுச்சு, ஏப்ரல்ல ஆயுள் தடை. போர்ட்டர் செஞ்சது தப்புதான், ஆனா நட்சத்திர சம்பளம் இல்லாத, சூதாட்டக் கடன்ல மாட்டிக்கிட்ட ஒரு சின்னப் பையன் கைல இப்படி ஒரு வாய்ப்பக் கொடுத்து வச்சது யாரு?

இன்னொரு பக்கம் ப்ளேயர்ங்க வாங்குற வசவு. 2025 மே மாசம் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் டீமோட பிட்சர் (பந்து போடுறவர்) லான்ஸ் மெக்கல்லர்ஸ் ஒரு மேட்ச் சரியா போடலன்னு அவர் குழந்தைங்களயே கொன்னுடுவேன்னு மெசேஜ் வந்துச்சு, விசாரிச்சா பந்தயத்துல காசு விட்ட வெளிநாட்டு ஆள். டீம் தோத்தா ரசிகன் திட்டுவான், மறுநாள் மறந்துடுவான், காசு போனவன் மறக்க மாட்டான்.

2025 நவம்பர்ல பந்தயம் கட்டுறவங்களோட பேசி வச்சு பந்து போட்டாங்கன்னு ரெண்டு க்ளீவ்லேண்ட் பிட்சர்ங்க மேல வழக்கு வந்ததும் ஒரு பந்து மேல கட்டுற பந்தயத்துக்கு 200 டாலர் உச்சவரம்புன்னு எம்எல்பி அறிவிச்சுது. என்பிஏ பக்கமும் போர்ட்டர் மாதிரி டூ-வே ஒப்பந்தத்துல (பெரிய லீக்குக்கும் அதோட கீழ் லீக்குக்கும் மாறி மாறி ஆடுற, சம்பளம் கம்மியான ஒப்பந்தம்) இருக்கவங்க கம்மியா எடுப்பாங்கன்னு கட்டுற பந்தயம் நின்னுச்சு. நல்லதுதான், ஆனா ஆபத்துன்னு உங்களுக்கே தெரிஞ்சப்புறம் அளவ மட்டும் ஏன் குறைக்கணும், எடுத்தே விடலாமே?

பெட்டிங் கம்பெனிகளோட அடுத்த ஒப்பந்தம் போடும்போது ஒரே ஒரு நிபந்தனை சேருங்க: தனி ஒரு ப்ளேயரோட ஆட்டத்து மேல, தனி ஒரு பந்து மேல பந்தயம் கிடையாது. இதனால வருமானம் எவ்வளவு குறையும்னு கணக்குப் போட்டு வெளிப்படையா சொல்லுங்க, அதையும் கேக்க நாங்க தயார்.

இப்படிக்கு,
ஆட்டத்த ஆட்டமா மட்டும் பாக்க ஆசப்படுற ஒரு ரசிகன்