மாடித் தோட்டமும் மழைநீர்க் கணக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைநீரைப் பிடித்தால் தோட்டத்துக்கான தண்ணீர்ச் செலவு பாதியாகும் என்கிறார்கள். வடசென்னையில் அந்தக் கணக்கு உதைக்கிறது. 500 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழைக்குச் சேதாரம் போக 370 லிட்டர் வரும். 200 லிட்டர் டிரம் ஒரே மழையில் வழியும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் செடிக்கு நீரே வேண்டாம். சித்திரையிலோ 20 தொட்டிக்குத் தினம் 30 லிட்டர் வேண்டும். முழு டிரம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

லாபம் வேறு இடத்தில். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்பு போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற இலை நுனி கருகும், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமான மழைநீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே வடியவிட்டால் உப்பு கழுவிப் போகும். இதற்காகவே ஒரு டிரம் வைக்கலாம்.

மாடியில் கரியும் சாம்பலும் படிகிற ஊர் இது. முதல் 40 லிட்டரை வெளியே விட வேண்டும். 4 அங்குலக் குழாய் மீட்டருக்கு 8 லிட்டர்தான் கொள்ளும். இரண்டடித் துண்டை மாட்டி 'முதல்மழை வடிகட்டி' என்பது கண்துடைப்பு. வழிந்தோடும் குழாய் உள்வரும் குழாயைவிடச் சிறுத்தால் தண்ணீர் மூடியைத் தூக்கும், வாயில் கட்டிய கொசுவலை விலகும், டெங்கு கொசு குடியேறும். வண்டல் வராமலிருக்க அடியிலிருந்து 3 அங்குலம் மேலே டேப் பொருத்துங்கள். நிரம்பிய டிரம் 200 கிலோ, சன்ஷேடு தாங்காது.

டிரம்மில் அடங்காத மிச்ச நீர் கிணற்றுக்கோ மழைநீர்க் குழிக்கோதான் போக வேண்டும். 2003இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியபோது தோண்டிய குழிகளில் மண்ணை வாரி, கூழாங்கல்லைக் கழுவிப் போட ஒரு நாள் வேலை போதும்.

- வாசகர், தண்டையார்பேட்டை